பளபளப்பைப் பார்க்காதே, அளவைப் பார்!



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். ரேஸ் இன்ஜினுக்கு அந்தச் சுவர், சிலிண்டர் பிளாக். ஆனால் நம்ம பசங்க பேச்சைக் கேட்டுப் பாருங்கள். கேம் ஷாஃப்ட், டர்போ என்று மணிக்கணக்கில் ஓடும். பிளாக் என்று வந்தால் மட்டும், "புதுசா ஒண்ணு வாங்கிட்டா போச்சு" என்று முடித்து விடுகிறோம். இது சரியா? சரியில்லை என்பதே என் கருத்து.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கதையைப் பாருங்கள். 1983-ல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனார். டர்போ இன்ஜினுக்குக் கிடைத்த முதல் ஓட்டுநர் சாம்பியன் பட்டம் அது. 1.5 லிட்டர், நாலே சிலிண்டர். பிளாக்கோ, 1962 முதல் சாதாரணக் கார்களில் ஓடிய அதே வார்ப்பிரும்பு வகை! அதிலும், நன்றாக ஓடிப் பழகிய பழைய பிளாக்குகளையே பால் ரோஷேயின் குழு விரும்பி எடுத்தது.

ஏன்? வார்ப்பு ஆறும்போது மெல்லிய இடம் முதலில் இறுகும், தடித்த இடம் பிறகு இறுகும். அந்த இழுபறி இரும்புக்குள்ளேயே ஸ்ட்ரெஸ்ஸாகத் தங்கிவிடும். பல ஆயிரம் முறை சூடாகி ஆறிய பிளாக்கில் அது தளர்ந்திருக்கும். அப்புறம் போரிங் போட்டால் அளவு நிற்கும். புதுசில் இன்றைக்கு வட்டமாகக் கடைந்தது, நாலு முறை சூடானதும் கோணிக்கொள்ளலாம்.

அதற்காகப் பழசெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. சோதித்துத்தான் எடுக்க வேண்டும். முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். வார்ப்பிரும்பு என்றால் காந்தத் துகள் சோதனை, அலுமினியம் என்றால் சாயச் சோதனை, விரிசல் தெரிந்துவிடும். தண்ணீர் வழிகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்தால் கசிவு தெரியும். ஹெட் உட்காரும் தளம் மட்டமா, மெயின் பியரிங் துளைகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பிறகு அல்ட்ராசானிக் கருவியால் ஒவ்வொரு சிலிண்டர் சுவரையும் நாலு பக்கமும் அளக்க வேண்டும். வார்க்கும்போது மணல் கோர் கொஞ்சம் நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பவர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் அழுத்தும் பக்கம் மெலிந்திருந்தால் ஆபத்து.

ஓவர்சைஸ் ஆசைக்கும் கணக்கு உண்டு. 100 மி.மீ. போரை 101.5 ஆக்கினால் கொள்ளளவு 3 சதவீதம்தான் கூடும். சுவரிலோ சுற்றிலும் 0.75 மி.மீ. போய்விடும். சுவர் பிளந்தால் இன்ஜின் மட்டுமா போகும்? டிராக்கில் கொட்டும் ஆயிலில் சறுக்குவது பின்னால் வருகிறவன் அல்லவா!

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு லோடு ஏற்றும் வேலை. என்னைப் போன்றவர்கள் இங்கே பலர். ஒரு பிளாக்கைக் கெடுத்துவிட்டு இன்னொன்று வாங்க நம்மால் ஆகாது. அளக்கத் தெரிவதுதான் நமக்குச் சொத்து. பட்டறை அண்ணன்மார் தட்டிப் பார்த்தே விரிசலைச் சொல்வார்கள். அந்தக் காதுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் 0.02 மி.மீ. ஓவாலிட்டியைக் காது சொல்லாது, போர் கேஜ்தான் சொல்லும். அந்தக் கேஜ் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்து, பிராக்டிகல் தேர்வன்று மட்டும் வெளியே வந்தால் என்ன பிரயோஜனம்?

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைகளில் லேபைத் திறந்துவிடக் கேளுங்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பிளாக் வாங்கிப் போட்டால் போதும். ஆளாளுக்கு அளந்து, ஒரு தாளில் எழுதி, எடுக்கலாமா ஒதுக்கலாமா என்று வாதாடட்டும். "இந்த பிளாக் வேண்டாம்" என்று யாரும் சொல்லலாம். ஏன் வேண்டாம் என்று அளவோடு சொல்லத் தெரிந்தவனே டிப்ளமோ படித்தவன்!