தலைதிருத்துவார் கொள்கை மறுப்பு

நோயொன்றும் இல்லாத தலையை, வடிவு நன்றாயில்லை என்னும் காரணம்பற்றிச் சத்திரசிகிச்சையால் திருத்திக்கொள்ளும் வழக்கம் இக்காலத்தே தோன்றியிருக்கின்றது. தென்கொரியாவின் தலைநகராகிய சியோலில் இஃது ஒரு தனித்தொழிலாகவே நடைபெறுகின்றது. பிற்றலை தட்டையாயிருப்பார்க்கு மயிர்த்தோலைக் கீறி, செயற்கை மூட்டுக்களை எலும்போடு பொருத்துதற்கு மருத்துவர் பயன்படுத்தும் எலும்புச் சிமெண்டைக் கபாலத்தின்மேல் பரப்பி, இறுகுமுன் அதனை உருண்டையாக வனைந்து, தோலை மூடித் தைத்துவிடுகின்றனர். இதனைச் சைவரும் குற்றமாகக் கொள்ளவேண்டுவதில்லை என வாதிப்பார் நம்முள் உளர். அதற்கு மறுதலையாக, தலையோட்டில் கத்திவைக்கும் சிகிச்சை யாவும் வினைக்கு மாறாகலின் விலக்கத்தக்கனவே என வாதிப்பாரும் உளர். இவ்விருதிறத்தார் கூற்றும் சித்தாந்தத்துக்கு ஒவ்வா என்பதை ஈண்டு நிறுவுவாம்.

முதற்கண் பின்னவர் கூற்றை ஆராய்வாம். குழந்தையின் தலையோடு ஒரே எலும்பால் ஆயதன்று. பல எலும்புகள் பொருந்திய மூட்டுவாய்களை உடையது. மூளை வளருந்தோறும் அவை இடங்கொடுக்கும். ஏறக்குறைய 2000 முதல் 2500 மகவுகளுள் ஒன்றுக்கு அம்மூட்டுவாய்களுள் ஒன்றோ பலவோ காலத்துக்கு முன்னரே ஒட்டிக்கொள்கின்றன. அப்பொழுது தலை கோணுதலேயன்றி, மூளையின்மேல் அழுத்தம் மிகுந்து, கண்ணொளியும் அறிவு வளர்ச்சியும் கெடுதல் கூடும். இதனை நீக்கவல்லது சத்திரசிகிச்சையே. பிரெஞ்சு மருத்துவராகிய பால் டெசியே என்பார் 1967-ஆம் ஆண்டு ரோமாபுரியில் கூடிய மருத்துவர் பேரவையில் தம் முறையை விளக்கிய பின்னர், தலையோட்டையும் முகவெலும்பையும் ஒருங்கே திருத்தும் மருத்துவம் பல நாடுகளிலும் பரவிற்று.

இத்தகைய மகவைக் காட்டி, ‘இது முன்செய்த வினை, தொடற்க’ என்பார், திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூரில் செய்தருளியதை மறந்தார். அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபொழுது, வினையின் பயனென்று பிள்ளையார் வாளா இருந்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி நோயைத் தீர்த்தார். வினையை அறிந்தும் உய்யும்நெறி நாடாதிருத்தல் குறைபாடேயென்பது அப்பதிகத்தின் கருத்தன்றோ? நோய் பிராரத்தத்தால் வந்ததாயின், மருந்தும் மருத்துவனும் அம்மகவின்முன் வந்தது திருவருளால் என்று கொள்ளத் தடை யாது? தம் காலில் முள் தைத்தவிடத்து வினையென்று சும்மாவிராதார், பிறர் குழந்தையின் கண் கெடும்போது மட்டும் வினை பேசுதல் சைவமன்று, வன்னெஞ்சமேயாம்.

இனி முன்னவர் கூற்றுக்கு வருவாம். ‘உடம்பு நிலையாதது, அதனை எவ்வாறு திருத்தினால்தான் என்னை?’ என்பது அவர் முதல் வாதம். அற்றேல், நிலையாத ஒன்றின் வடிவுக்காக நிலையான நலத்தைப் பணயம் வைத்தல் எற்றுக்கு என்னும் வினாவுக்கு அவர் விடைகூறுக. மயக்கமருந்தால் நேரும் இடரும், உள்ளே வைத்த அயற்பொருளைக் கிருமி பற்றின் மீட்டும் கீறி அதனை எடுக்கவேண்டிவரும் துன்பமும் இச்சிகிச்சைக்கு உண்டு. ஆணவ இருளில் கிடக்கும் உயிர்க்கு இறைவன் மாயையினின்றும் தந்த உடம்பு, விடியுமளவும் உதவும் விளக்குப்போல்வது என்பது நம் சித்தாந்தமரபு. விளக்கின் திரியைத் தூண்டுதலும், அடைப்பை நீக்குதலும், உடைந்தவிடத்தைப் பொருத்துதலும் கடமையாம். நன்றாய் எரியும் விளக்கை, அடுத்தவீட்டார் விளக்கின் வடிவம் வேறாயிருக்கின்றது என்று அவித்துத் தட்டிநெளிப்பவனை யாவர் அறிவுடையனென்பர்?

‘காதுகுத்துதலும் முடியிறக்குதலும் நம்மவர்க்கும் உண்டே, தாய்மார் எண்ணெய்தேய்த்துக் குழந்தையின் தலையை உருட்டுவதும் உண்டே’ என்பது இரண்டாம் வாதம். முடியிறக்குதல் தனக்கு அழகென்று கொண்டதைத் திருமுன் கொடுத்துவிடுவது. இதுவோ இல்லாத அழகை விலைக்குக் கொள்வது. ஒன்றுக்கொன்று மறுதலையானவற்றை உவமையாக்குதல் வழு. காதுகுத்துதல் நொடிப்பொழுதில் முடிந்து சிலநாளில் ஆறும் சிறு துளையே; கபாலத்தின்மேல் சிமெண்டு பூசுதலோடு அதனை ஒருதட்டில் வைத்தல் எங்ஙனம் அமையும்? தாயின் கை அன்பால் தடவுமளவும் நன்றே; வடிவு செய்வேன் என்று இளமண்டையை அழுத்துமாயின் அதுவும் விலக்கத்தக்கதே என்க.

‘அழகு எல்லாரும் விரும்புவதன்றோ?’ என்பது மூன்றாம் வாதம். எந்தத் தலை அழகென்று அவர் வரையறுத்துக் கூறட்டும். ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவநூலொன்று, நீண்டதலையே உயர்குடிக்கு அடையாளமெனக் கொண்டு, மகவின் தலையைக் கையால் பிசைந்து கட்டுக்கட்டி நீட்டிய கூட்டத்தாரைக் குறிக்கின்றது. வட அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றங்கரைச் சினூக்கர் நெற்றியைப் பலகையால் அழுத்தித் தட்டையாக்கினர். அத்தட்டைத்தலை அடிமைகட்கு உரியதன்று. மஞ்சு மரபினர் பிற்றலை தட்டையாயிருத்தலே அழகெனக் குழவிகளைக் கடினமான தலையணைமேல் மல்லாத்திக் கிடத்தினர். அவர் விரும்பிச் செய்த அதே தட்டையை, அண்டைநாடாகிய கொரியாவில் இன்று பொருள்கொடுத்து நீக்குகின்றனர். ஓரிடத்து அழகு ஓரிடத்துக் குற்றமாகலின், திருத்தவேண்டியது தலையன்று, நோக்குவார் வழக்கமே என்பது பெறப்பட்டது.

மற்றொன்றும் அறியத்தக்கது. 1992-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தார் குழவிகளைக் குப்புறக் கிடத்தி உறங்கவைத்தல் ஆகாதென அறிவுறுத்தினர். அதன்பின் அந்நாட்டில் உறக்கத்தில் திடீரென நிகழும் சிசுமரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மல்லாந்து கிடந்தமையால் பல குழவிகட்குப் பிற்றலை சிறிது தட்டையாயிற்று. அத்தட்டை உயிர்காத்த தாயின் விழிப்புக்கு அடையாளமேயன்றி இழிவாகுமோ?

‘நீர் கூறுவனவெல்லாம் நன்று, ஊரார் நகைக்க வருந்தும் இளைஞனுக்கு என் சொல்வீர்?’ என்பது இறுதிவாதம். இதுவே வலியுடையது, அவ்வருத்தம் பொய்யன்று. ஆயின் நகைத்தவன் வாய் நோயுற்றிருக்க, நகைக்கப்பட்டவன் தலையைக் கீறுதல் எவ்வூர் மருத்துவம்? இவ்விடத்துச் சைவராகிய நாமும் குற்றத்தில் பங்குடையோம். பெண்பார்க்கச் செல்லுமிடத்துத் தலைமுதல் கால்வரை குறைதேடுவோரும், பள்ளிப்பிள்ளையின் தலையைக் குறித்துப் பட்டப்பெயர் சூட்டிச் சிரிப்போரும் திருநீறு பூசியவருள் இலரோ? உயிர்தோறும் இறைவன் உறைகின்றான் என்று ஓதியவாயால் அவன் உறையும் உடம்பை எள்ளுதல், ஓதியதை அழித்தலாம்.

திருவங்கமாலையில் அப்பரடிகள் உறுப்புக்களை ஒவ்வொன்றாக விளித்துப் பணிகொள்ளும்போது முதலில் விளித்தது தலையையே. அதற்கு அவர் விதித்த பணி வணங்குதல். காரைக்காலம்மையார் கண்டோர் விரும்பிய வடிவை உதறிப் பேய்வடிவு வேண்டிப்பெற்று, திருக்கயிலையில் தலையால் நடந்தார். இறைவன் அவரை அம்மையென்று அழைத்தருளினான். அத்தலை உருண்டையோ தட்டையோ என்று சேக்கிழார் ஆராய்ந்திலர்.

ஆகலின் சைவப்பெற்றோர் செய்யத்தக்கது இது: மகவின் தலை கோணியதாகக் காணின், வினையென்று வாளாவிராது விரைந்து மருத்துவர்க்குக் காட்டுக. நோயெனின் அவர் கூறும் சிகிச்சைக்கு அஞ்சற்க. நோயன்றெனின் அத்தலையைக் குறைகூறுவாரை வீட்டுவாயிலிலேயே தடுத்து, அது வணங்கக் கற்குமாறு திருக்கோயிலுக்கு அழைத்துச் செல்க.

திருச்சிற்றம்பலம்.