தளர்ந்த இருதயமும் கீற்றோன் பானமும்

றொசல்லப் பக்கத்து மலைச்சரிவில் ஏறுகையில் மூச்சு வாங்குவது புதுமையன்று. ஆனால் போன மாதம் வரை கொழுந்துக் கூடையுடன் ஏறியவர் இன்று வெறுங்கையுடன் ஏறவும் இளைத்தால், படுத்தவுடன் மூச்சு முட்டினால், கால்கள் வீங்கினால், அஃது இருதயத் தளர்ச்சியாக இருக்கலாம். இருதயம் நின்றுவிடுவதன்று இந்நோய். உடலுக்கு வேண்டிய இரத்தத்தை இறைக்க அதற்கு வலுப் போதாமையே.

இருதயம் பெரும்பாலும் கொழுப்பை எரித்தே உழைக்கின்றது. நாம் நெடுநேரம் உண்ணாதிருந்தால், ஈரல் கொழுப்பிலிருந்து கீற்றோன் என்னும் பொருள்களை ஆக்கி இரத்தத்தில் விடுகின்றது. விரத நாளில் மூளைக்கும் இதுவே துணை. தளர்ந்த இருதயம் கீற்றோனை வழக்கத்தினும் மிகுதியாக எரிக்கின்றது என்று 2016 இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். அங்ஙனமாயின் அதனை வெளியிலிருந்து ஊட்டினால் என்ன?

டென்மார்க் வைத்தியர்கள் 2019 இல் 16 நோயாளருக்கு அதனை நாளத்தின் வழியே செலுத்தினர். இருதயம் இறைக்கும் இரத்தம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லீற்றர் கூடிற்று. 2024 இல் வெளியான ஆய்வொன்றில் 24 பேர் 14 நாட்கள் கீற்றோன் பானம் அருந்தினர். உடற்பயிற்சியின்போது இருதயத்தில் ஏறும் அழுத்தம் குறைந்தது.

நல்ல செய்திதான். ஆயினும் அழுத்தம் குறைவது வேறு. மேட்டில் நடக்கும் வலிமை கூடி அது நிலைப்பது வேறு. சிலரை இரு வாரம் பார்த்துக் கண்டதைக் கொண்டு எல்லார்க்கும் மருந்து விதித்தல் முறையாகாது. மேலும், விற்பனைக்கு வரும் கீற்றோன் மாவுகள் சிலவற்றில் சோடியம் மிகுதி. உப்பைக் குறைக்கவேண்டிய நோயாளிக்கு அது கேடு. இன்சுலின் ஏற்றும் நீரிழிவு நோயாளருக்கோ, கீற்றோன் அளவு மீறினால் இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். இதே பயனைக் கருதித் தாமாகப் பட்டினி கிடப்பதும் அவர்களுக்கு ஆகாது.

உறுதிப்பட்ட வழி எளியது. 2,331 நோயாளரைக் கொண்டு நடந்து 2009 இல் வெளியான ஆய்வு, வைத்தியர் வகுத்த அளவான உடற்பயிற்சி அவர்களுக்குத் தீங்கற்றதென்றும் ஓரளவு நன்மை தருமென்றும் காட்டிற்று. சமதரையில் சிறிது நடத்தல், உப்பைக் குறைத்தல், காலைதோறும் நிறை பார்த்தல், மருந்தை விடாதிருத்தல் ஆகியவையே முதற்கடமை. இரண்டொரு நாளில் நிறை திடீரெனக் கூடினால், உடலில் நீர் தேங்குகின்றதென்று அறிந்து வைத்தியரிடம் செல்க.

ஒரு நாட் பெயர் போய்விடுமே என்று கிளினிக்கைத் தள்ளிப்போடுவோர் நம் தோட்டங்களில் பலர். மாணவர்களே, வீட்டிலுள்ள பெரியவருக்கு இதனை எடுத்துச் சொல்லுங்கள். மாவு டப்பாவுக்கு எடுத்துவைத்த பணம் டிக்கோயா வைத்தியசாலைக்குப் போகும் பஸ் கட்டணமாகட்டும்.