விதி எழுதும் இடத்தில் யார் உட்கார்வது?

ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் கோடைக்கால இன்டர்ன்ஷிப் அறிவிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். நகைக்கடன் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்ட இந்த ஆண்டில் அந்தக் கோபம் கூடியிருக்கிறது. 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் அந்தப் பயிற்சிக்கு அதிகபட்சம் 125 இடங்கள். மாதம் 20,000 ரூபாய் உதவித்தொகை, அதிகபட்சம் மூன்று மாதம். பொருளியல், வணிகம், சட்டம், மேலாண்மை, புள்ளியியல் போன்ற துறைகளில் முதுகலையோ ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்போ படிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டு சட்டப் படிப்புக்கும் இடம் உண்டு. பி.காம். மாணவருக்கு இல்லை. பி.ஏ. பொருளியல் மாணவிக்கும் இல்லை. ஒவ்வொரு கலை அறிவியல் கல்லூரியிலும் விண்ணப்பங்கள் குவியும் பாடப்பிரிவே வாசலில் நிறுத்தப்படுகிறது.

இதற்கும் நகைக்கடனுக்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பு இருக்கிறது.

2025 ஏப்ரலில் வந்த நகைக்கடன் வரைவு விதிகள் தமிழ்நாட்டை எப்படிக் கலக்கின என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நகை உங்களுடையதுதான் என்பதற்கு ரசீது வேண்டும்; ரசீது இல்லையென்றால் உரிமை எப்படி உறுதிசெய்யப்பட்டது என்பதை விளக்கும் ஆவணம் வேண்டும் என்றது வரைவு. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து மகளுக்கும் வந்த அட்டிகைக்கு எந்தக் கடையின் ரசீதைத் தேடுவது? எதிர்ப்பு எழுந்தது, முதல்வர் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார், நிதியமைச்சகமே சிறு கடன்களுக்கு விலக்குக் கேட்டது. ஜூன் 6 அன்று வந்த இறுதி விதிகளில் 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று தளர்த்தினார்கள். மும்பையில் எழுதியதைத் திருத்த ஒரு மாநிலமே குரல் எழுப்ப வேண்டியிருந்தது. அந்த வரைவு தயாரான மேசையைச் சுற்றி, கல்லூரிக் கட்டணத்துக்காகத் தன் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனதைப் பார்த்த ஒரே ஒருவர் இருந்திருந்தால், ரசீது கேட்ட அந்த வாசகம் அச்சுக்குப் போயிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

என்னிடம் முதுகலைப் பொருளியல் படித்த மாணவி ஒருவர், ஒரு கோடையில் நிதி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றில் இன்டர்ன்ஷிப் செய்தார். தென்மாவட்டத்துச் சிற்றூர்க்காரர், குடும்பத்தில் முதல் பட்டதாரி. உதவித்தொகையில் பெரும்பகுதியை மும்பையில் தங்கிய இடத்தின் வாடகை விழுங்கிவிட்டது. மீதிக்கு அப்பா அனுப்பினார். ஆனால் அவர் கற்றுக்கொண்டு வந்தது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லாதது. ஒரு சுற்றறிக்கை எங்கே பிறக்கிறது, ஆய்வுக்குப் போன அதிகாரியின் குறிப்பு எப்படி வரைவாகிறது, வரைவின்மீது பொதுமக்கள் கருத்து என்ற பெயரில் யார் யாரெல்லாம் எழுதுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

அவருக்குக் கொடுத்த வேலையே அதுதான். வந்த கருத்துகளை வகைப்படுத்தி அட்டவணை போடுவது. கடன் கொடுக்கும் நிறுவனங்களின் சங்கங்கள், சட்ட ஆலோசனை நிறுவனங்கள், பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனங்கள் என்று பக்கம் பக்கமாக, பிரிவு எண் போட்டு, மாற்று வாசகத்தையும் தாங்களே எழுதி அனுப்பியிருந்தார்கள். ஊர் திரும்பியதும் என்னிடம் அவர் முதலில் சொன்னது இதைத்தான்: “சார், அத்தனை பேர் எழுதியிருந்தாங்க. கடன் வாங்கினவங்கன்னு ஒருத்தர்கூட எழுதல சார்.” தமிழில் எழுதப்பட்ட கருத்து ஒன்றுகூட அவர் கைக்கு வரவில்லை.

ஒரு கூட்டத்தில், கடன் தவணை முடிந்ததும் முழுத்தொகையையும் கட்டி மீட்ட பிறகுதான் மறுபடி கடன் தர வேண்டும் என்ற யோசனை வந்தது. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம், முழுத்தொகை கையில் இருந்தால் அடகுக்கே போகமாட்டார்கள், ஒரு நாளைக்கு மட்டும் அந்தப் பணத்தைப் புரட்டக் கந்துவட்டிக்காரரிடம் போவார்கள் என்று இவர் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். மூத்த அதிகாரி கேட்டுக்கொண்டார். இரண்டு பக்கக் குறிப்பாக எழுதித் தரச் சொன்னார். அந்தக் குறிப்பு பிறகு எங்கே போனது என்று இவருக்குத் தெரியாது. எனக்கு அது முக்கியமில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் சொல்லும்வரை அந்த அறையில் எவருக்கும் அது தோன்றவில்லை என்பதே முக்கியம்.

நகைக்கடனைத் தாண்டி, இப்போது பங்குச் சந்தை பற்றி நான் மேடைதோறும் சொல்லி வரும் கணக்குக்கு வருகிறேன். எத்தனை முறை சொன்னாலும் இது போதாது. 2024 செப்டம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் பங்குச் சந்தையின் எஃப் அண்டு ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். இழந்த பணம் எங்கே போனது? 2023-24இல் மட்டும் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்கு வர்த்தகர்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் மொத்த லாபமாக எடுத்தார்கள். அதில் பெரும்பகுதி கணினி நிரல்வழி வர்த்தகத்தில் வந்தது. வர்த்தகம் செய்த தனிநபர்களில் 30 வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 ஆக ஏறியது. 72 சதவீதத்துக்கும் அதிகமானோர் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு என்று காட்டியவர்கள்.

இவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். என் வகுப்பின் கடைசி இரண்டு வரிசைகளில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். டெலிகிராம் குழுவில் வரும் ‘கால்’ பார்த்து ஆப்ஷன் வாங்குபவர்கள். செபி 2024 நவம்பரிலிருந்து ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியது, வாராந்திர எக்ஸ்பைரியை ஒரு சந்தைக்கு ஒன்று என்று குறைத்தது. அதன் பிறகும் 2024-25இல் 91 சதவீதம் பேர் இழந்தார்கள். நிகர இழப்பு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. அந்தத் தம்பிகளின் வகுப்பிலிருந்து ஒருவரையாவது முன்பே உட்காரவைத்துக் கேட்டிருந்தால், வலை எங்கே விரிக்கப்படுகிறது என்று சொல்லியிருப்பார். இந்தச் சந்தையில் பணத்தை இழக்கப் பி.காம். படிப்பு போதும். சந்தையைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் உதவியாளராக உட்கார மட்டும் போதாதா?

ரகசியம் காக்க வேண்டிய இடம், இளநிலை மாணவர்களுக்குப் பக்குவம் போதாது என்று சிலர் சொல்கிறார்கள். இது சாக்கு. முதுகலை மாணவரிடம் எழுதி வாங்கும் ரகசியக் காப்பு உறுதிமொழியைப் பி.காம். மாணவரிடமும் வாங்கலாம். தகுதி நீர்த்துப்போகும் என்பவர்களுக்கு என் பதில், ரசீது கேட்ட அந்த வரைவு மிகத் தகுதியானவர்கள் எழுதியதுதான் என்பதே. மக்களை அறியாத தகுதி விதி எழுத உதவாது.

ரிசர்வ் வங்கி தன் 90ஆம் ஆண்டில் இளநிலை மாணவர்களை மறக்கவில்லை. அவர்களுக்காக நாடு தழுவிய வினாடி வினா நடத்தி 10 லட்சம் ரூபாய் முதல் பரிசு கொடுத்தது. நம் பிள்ளைகளைப் பதில் சொல்ல அழைத்தவர்கள், கேள்வி கேட்க அழைக்கவில்லை. மத்திய அரசோ ஐந்தாண்டில் ஒரு கோடி இளைஞர்களுக்கு இன்டர்ன்ஷிப் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தது. மாதம் 5,000 ரூபாய் என்றது அந்த அறிவிப்பு. முதல் சுற்றில் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாய்ப்புகள் வழங்கப்பட்டும் சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர். அதுவும் முன்னணி 500 நிறுவனங்களில். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அவற்றில் உண்டு. கடன் விற்கும் இடத்துக்குப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் அனுப்ப வழி இருக்கிறது. கடன் விற்பவரைக் கண்காணிக்கும் இடத்தில் 125 பேருக்குமேல் இடமில்லை என்கிறார்கள்.

பணம் ஒரு தடையே இல்லை. 5,000 மாணவர்களுக்கு மூன்று மாதம் 20,000 ரூபாய் கொடுத்தால் 30 கோடி ரூபாய் ஆகும். ரிசர்வ் வங்கி 2024-25ஆம் ஆண்டுக்கு மத்திய அரசுக்குக் கொடுத்த உபரி 2,68,590 கோடி. அதில் லட்சம் ரூபாய்க்கு 11 ரூபாய் எடுத்துவைத்தால் முடிந்தது. வேலைக்கும் பஞ்சமில்லை. 2023-24இல் மட்டும் வங்கி குறைதீர்ப்பாளர் அமைப்புக்கு 9.34 லட்சம் புகார்கள் வந்தன. அந்தப் புகார்களில் எது எந்த ஊரில் திரும்பத் திரும்ப வருகிறது என்று படித்துச் சொல்ல, அந்த ஊர் மொழி தெரிந்த பிள்ளைகளைவிடத் தகுதியானவர்கள் யார்?

எனவே என் கோரிக்கை இது. ரிசர்வ் வங்கி, செபி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மூன்றும் சேர்ந்து 5,000 இடங்களை உருவாக்க வேண்டும். பாதி இடங்கள் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் இளநிலை மாணவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். பயிற்சி மும்பையில் மட்டும் குவியாமல், சென்னை ராஜாஜி சாலை அலுவலகம் போன்ற மண்டல அலுவலகங்களில் நடக்க வேண்டும். ‘நான் முதல்வன்’ திட்டத்தில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் தரும் தமிழ்நாடு அரசு, இந்தப் பயிற்சிக்குத் தேர்வாகும் நம் மாணவர்களின் வாடகையையும் ஏற்கலாம். இதைச் செய்தால் நகைக்கடன் வரைவு போன்ற ஒன்று இனி வராது.

தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களும் வரும் கூட்டத்தொடரில் இதைக் கேட்க வேண்டும். அதுவரை, முதுகலை வகுப்பெடுக்கும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ரிசர்வ் வங்கியின் விண்ணப்பக் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை. உங்கள் துறையிலிருந்து இந்த ஆண்டு ஒருவராவது விண்ணப்பிக்கட்டும்.