வடவைக் கனலும் உருகும் பாறையும்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் விஞ்ஞானக் கூட்டம் நடந்தால், மேடையேறும் பிரசங்கிகளுள் ஒருவரேனும், "சமுத்திரத்தின் அடியில் அக்கினிக் கடல் ஒன்று கொதிக்கிறது, அது பொங்கித்தான் கடற்றரையைப் பிளக்கிறது, நம் முன்னோர் வடவாமுகாக்கினி என்றது இதனையே" என்று முழங்காமல் இறங்குவதில்லை. இருபது ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறேன். மூவரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் ஆழம் இறங்குவதற்கென்று பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்த மத்ஸ்யா 6000 என்னும் கலம், 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீரில் இறக்கிப் பரீட்சிக்கப்பட்ட பிறகு அந்த முழக்கம் இன்னும் உரத்துவிட்டது. பிழை ஒன்று பிள்ளைகளின் மனத்தில் ஸ்திரப்படுவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க என்னால் இயலவில்லை.

புராணத்தின் வடவை, கடல் கரை மீறாதபடி அதன் மிகுநீரைப் பருகிக்கொண்டு ஊழிவரை காத்திருக்கும் பெண்குதிரை முகத்துத் தீ. தரையைப் பிளப்பது அதன் தொழிலே அன்று. காவியத்தின் அழகைப் பாறைக்குச் சாட்சியாக இழுப்பது இரண்டுக்கும் செய்யும் அநீதி.

அக்கினிக் கடல் என்று ஒன்று அங்கே இல்லை. 1897ஆம் ஆண்டு அஸ்ஸாமை உலுக்கிய பூகம்பத்தை ஆராய்ந்த ஓல்டாம் என்னும் அறிஞர், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றியவர், பூகம்ப அலைகளை இனம் பிரித்துக் காட்டினார். அவற்றுள் குறுக்கலை என்பது திரவத்தின் வழியே செல்லாது. அந்தக் குறுக்கலையோ, மேலோட்டின் அடியில் தொடங்கி 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை விரிந்துள்ள கவசத்தை ஊடுருவிக்கொண்டு உலகெங்கும் வந்து சேர்கிறது. ஆகவே கவசம் கல்லேயன்றிக் குழம்பன்று. பனியாறு கெட்டியாக இருந்தபடியே மலைச்சரிவில் நகர்வதுபோல, கல்லாக இருந்தபடியே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது.

கல்லாக இருப்பது, கடற்றரை பிளந்து விரியும் நடுக்கடல் மலைத்தொடரின் அடியில் உருகுவானேன்? இந்த இடத்தில்தான் பிரசங்கிகள் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். உருகுவதென்றால் அடியில் நெருப்பு வேண்டும் என்பது, வார்ப்படச் சாலைகளின் உலைவெளிச்சத்தில் வளர்ந்த எங்கள் வடசென்னைக்காரர்களுக்கு இயல்பாகத் தோன்றும் எண்ணம். இளமையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் லாரி லாரியாகப் போகிற சமையல் எரிவாயு சிலிண்டரைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதனுள்ளே இருப்பது அமுக்கத்தால் திரவமாக அடங்கிக் கிடக்கும் பொருள்; திருகைத் திறந்து அமுக்கத்தைக் குறைத்த மாத்திரத்தில், அடியில் ஒருவரும் தீ மூட்டாமலே, அது கொதித்து ஆவியாகிறது. கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் பெரிய அடுப்புகள் ஒருசேர எரியும்போது சிலிண்டரின் புறத்தே பனி படிவதையும், சமையற்காரர் அதைத் தண்ணீர் நிறைந்த அண்டாவில் நிறுத்துவதையும் கண்டிருப்பீர்கள். நிலைமாறுவதற்கு வேண்டிய உஷ்ணத்தை அப்பொருள் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் குளிர்ந்துபோகிறது.

கவசப் பாறைக்கும் இதே நியாயந்தான். 60 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றின் அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 18,000 மடங்கு பாரத்தின் கீழ், 1,300 பாகை செல்சியசுக்கு மேல் சூடிருந்தும் அது கல்லாகவே நிற்கிறது. பாரம் நீங்கிய இடத்திலோ 1,100 பாகையளவே அது உருகத் தொடங்கப் போதும். எனவே மேலே புவித்தட்டுகள் விலகி இடம் கொடுக்க, பாறை மெல்ல எழுந்து, பாரம் குறையக் குறைய, ஒரு பாகை உஷ்ணமும் புதிதாகச் சேராமலே உருகத் தொடங்குகிறது; உருகுகையில் குளிர்ந்தும் வருகிறது; ஆதலால் கடற்றரையில் வழியும் குழம்பின் சூடு 1,200 பாகையை ஒட்டியதே. அப்போதும் முழுப் பாறையும் உருகுவதில்லை. பத்தில் ஒரு பங்கு, மிகுந்தால் ஐந்தில் ஒரு பங்கு, ஆலிவின் என்னும் கனிம மணிகளின் இடுக்குகளில் கசிந்து ஒன்றுகூடி, 65,000 கிலோமீட்டர் நீளமுள்ள மலைத்தொடர் நெடுகிலும் பெரும்பாலும் ஆறேழு கிலோமீட்டர்த் தடிப்புள்ள புதிய மேலோடாக உறைகிறது. கொதிக்கும் கடலொன்று பொங்குமானால் இந்த மிதம் எங்கிருந்து வரும்?

தரையைப் பிளப்பது குழம்பே என்பது அடுத்த கூற்று. 2004 டிசம்பர் 26 அன்று காசிமேட்டுப் படகுகளைத் தூக்கியெறிந்த ஆழிப்பேரலையையும் சிலர் இந்த அக்கினியின் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். உற்றாரை இழந்த குப்பங்களில் போய் இப்படிப் பேச எப்படி மனம் வருகிறது? அந்த அலை சுமாத்ராவுக்கு அப்பால், இந்தியத் தட்டு புதைந்து செல்லும் விளிம்பில் பிறந்தது. குளிர்ந்து கனத்த தட்டு இத்தகைய விளிம்புகளில் தன் பாரத்தாலேயே கவசத்துள் அமிழ்ந்து இழுக்க, மறுபுறத்தில் தரை விரிகிறது. விரிந்த இடத்தை நிரப்பவே பாறை எழுகிறது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கிலும் தெற்கிலும் கிழக்கிலும் மலைத்தொடர்கள் உண்டு. இடையில் புதிய தரை சேர்ந்துகொண்டே இருப்பதால் அவை ஒன்றையொன்று விலகிச் செல்கின்றன. அடியில் நிலைத்த அடுப்பொன்று இருக்குமானால் அது மலைத்தொடரின் பின்னாலேயே ஓடுமா? 1995-96இல் பசிபிக் மலைத்தொடரின் மேல் பூகம்பமானிகளை இறக்கிப் பார்த்தபோதும், அடியில் தெரிந்தது பீறியெழும் தீத்தூண் அன்று. சில நூறு கிலோமீட்டர் அகலத்தில் பரவி, மேற்கே மிகுந்து கிடந்த மெல்லிய உருகல்தான்.

நடுக்கடல் மலைத்தொடரின் மேல் எழுந்து நிற்கும் ஐஸ்லாந்தைக் காட்டி, அடியில் தீ உண்டென்று வாதிப்போர் உண்டு. ஒரு தீவின் மிகுசூடு 65,000 கிலோமீட்டருக்குச் சட்டமாகாது.

2016இல் இந்தியா, சர்வதேசக் கடற்றரை அதிகாரசபையுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால், மத்திய இந்திய மலைத்தொடரிலும் தென்மேற்கு இந்திய மலைத்தொடரிலும் 10,000 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் சல்பைடுக் கனிமங்களைத் தேடும் உரிமை பெற்றது. அத்தென்மேற்குத் தொடர் ஆண்டுக்குச் சுமார் 1.4 சென்டிமீட்டரே விரிகிறது. பாறை எழும் வேகம் அவ்வளவு குறைவாதலின் மேலிருந்து இறங்கும் குளிர்ச்சி உருகலைத் தடுத்துவிட, சில பகுதிகளில் குழம்பு அநேகமாக வராமல், கவசப் பாறையே கடல்நீர் ஊறிப் பச்சை பாரித்துத் தரையாகக் கிடக்கிறது. அங்கே பிளவு இருக்கிறது, விரிவும் இருக்கிறது. பிளந்த குழம்பு எங்கே என்பதை, அடுத்த கூட்டத்தில் மேடையேறுகிறவர் முதலில் சொல்லட்டும்.