கரண்ட் வேணும், சரி... முத்திரை குத்துவது யார்?

கல்பாக்கம் அணுமின் நிலையத்தைக் கட்டும் பொறுப்பை 1967-ல் ஏற்ற தலைமை என்ஜினீயர் எம்.ஆர்.சீனிவாசன், 2025 மே 20-ந்தேதி ஊட்டியில் காலமானார். வயது 95. 1987-ல் இந்திய அணுமின் கழகத்தின் முதல் தலைவர். அதே ஆண்டு அணுசக்தி கமிஷன் தலைவர்.

பதவி கிடக்கட்டும். அவர் காலத்து வேலையைப் பாருங்கள்!

1974-ல் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்ததும் கனடா கையை விரித்துவிட்டது. ராஜஸ்தானில் இரண்டாவது உலையைப் பாதியில் விட்டுப் போனார்கள். கல்பாக்கத்துக்கு வேண்டிய பெரிய சாமான்களை உள்ளூர் கம்பெனிகளே செய்யவேண்டிய கட்டாயம்.

சாதாரண பாய்லர் அல்ல இது. முக்கிய வெல்டிங் ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்ரே. உருக்கு எந்த வார்ப்பில் வந்தது, பற்றவைத்தது யார், எல்லாம் ரிஜிஸ்டரில் ஏறணும். இன்ஸ்பெக்டர் கையெழுத்து விழாமல் அடுத்த வேலை நடக்காது. 1983 ஜூலை 2-ந்தேதிதான் முதல் உலை உயிர் பெற்றது. 16 வருஷம்!

அப்படியும் கோளாறு வந்தது. 1980-களின் கடைசியில், உலைத் தொட்டிக்குள் கனநீர் நுழைகிற பாகம் உடைந்தது. 220 மெகாவாட் ஓடவேண்டிய உலையைப் பல வருஷம் 170-லேயே ஓட்டினார்கள். வருமானம் போனாலும் பரவாயில்லை என்று வேகத்தைக் குறைக்க ஒரு மனசு வேணும்.

தராசும் முத்திரையும்

கடைக்காரர் தன் தராசுக்குத் தானே முத்திரை குத்தினால் ஒத்துக்கொள்வோமா? அணு உலை விஷயத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. 1983-ல் அமைத்த ஒழுங்குமுறை வாரியம் அணுசக்தி கமிஷனுக்குக் கட்டுப்பட்டே இருந்தது. வாரியத்துக்குச் சுதந்திரம் போதாது என்று 2012-ல் மத்திய தணிக்கை அறிக்கையே சொன்னது.

இப்போது தனியாரும் வரப்போகிறார்கள். 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் நிறைவேறிய 'சாந்தி' சட்டம் கதவைத் திறந்திருக்கிறது. வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்தும் தந்திருக்கிறது, அதுவரை நல்லது. ஆனால் 2025-ல் 9 ஆயிரம் மெகாவாட்டைக்கூடத் தொடாத நாடு, 2047-க்குள் 1 லட்சம் மெகாவாட் என்கிறது. அவசரம் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது.

தென்கொரியாவில் நடந்ததைக் கேளுங்கள். கன்ட்ரோல் கேபிளுக்குப் போலி டெஸ்ட் சர்டிபிகேட் கொடுத்தது 2013-ல் அம்பலமானது. ஓடிக்கொண்டிருந்த உலைகளை நிறுத்தினார்கள். கோடையில் ஊரே மின்வெட்டுப் பயத்தில் தவித்தது. அணுமின் கம்பெனியின் முன்னாள் தலைவரே லஞ்சப் புகாரில் கைதானார். கேபிளில் மிச்சம் பிடித்த காசு எத்தனை, நஷ்டம் எத்தனை!

நம்ம ஊரில் லைசென்ஸ் கேட்டு முதல் கம்பெனி வரும்போது கேட்கவேண்டியது யூனிட் என்ன விலை என்பது மட்டுமல்ல. கையெழுத்துப் போட மறுக்கிற இன்ஸ்பெக்டருக்கு மறுநாளும் அதே நாற்காலி இருக்குமா?