பழைய சாண்ட்விச் யந்திரமும் எர்த்துக் கம்பியும்

தைப்பூசக் காலத்தில் பழனிக்குப் பாதயாத்திரையாகச் செல்லும் பக்தர்களையும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போய்வரும் லாரிக்காரர்களையும் நம்பி ரெட்டியார்சத்திரம் சாலையோரத்தில் டீக்கடையோ பேக்கரியோ நடத்துகிறவர்கள், சாண்ட்விச்சின்மேல் இளைஞருக்கு உண்டாகியிருக்கும் பிரியத்தை உத்தேசித்து, எங்கோ மூடப்பட்ட கடையின் கிரில் யந்திரத்தைக் குறைந்த விலைக்கு வாங்க விரும்புவது நியாயமே. சிறு முதலில் ஜீவனம் நடத்துகிறவருக்குப் பழைய பொருள் பெரிய சகாயம். ஆயினும், வாங்குகிறவரின் கண் எவர்சில்வர் உடம்பின் பளபளப்பிலேயே லயித்துவிடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

முதலில் பார்க்கவேண்டிய இடம் பின்புறத்துக் கீல். மேல்தகட்டைச் சூடாக்கும் மின்சாரம் அவ்வழியாகச் செல்லும் வயரில்தான் போகிறது. ஓயாமல் திறந்து மூடுவதால் அதன் உறை நைந்து, செப்புக் கம்பி வெளிப்பட்டு உலோக உடம்பைத் தொட்டுவிடுமாயின், எர்த்து இல்லாத கடையில் ஈரக்கையோடு அதைத் தொடுகிறவரின் பிராணனுக்கே அபாயம். அவ்விடத்தில் நிற்பவர் பெரும்பாலும் முதலாளியல்லர், கூலிக்கு வந்த தொழிலாளி என்பதை மறக்கலாகாது. எர்த்து முளை ஒடிக்கப்பட்ட பிளக், அந்த யந்திரம் இதுகாறும் எவ்வளவு அலட்சியமாகக் கையாளப்பட்டது என்பதற்குப் போதிய சாட்சி.

அடுத்து, விற்பவர் முன்னிலையிலேயே கால் மணி நேரம் சூடேற்றிப் பார்க்கவேண்டும். உரிய உஷ்ணம் வந்ததும் சூட்டு விளக்கு அணைந்து, சற்றுப் பொறுத்து மறுபடி எரியவேண்டும். அணையாமலே எரிந்துகொண்டிருந்தால் தெர்மோஸ்டாட் பழுதென்று சந்தேகிக்கலாம். நான்கு மூலைகளிலும் ரொட்டித் துண்டு வைத்தால் சூடு சமமாகப் பரவுகிறதா என்பது நிறத்திலேயே விளங்கும். நான்ஸ்டிக் பூச்சு உரிந்த தகடு வேண்டாம்.

யந்திரம் நன்றாயிருந்தாலும் கடையின் வயரிங் அதைத் தாங்கவேண்டும். 2000 வாட் யந்திரம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ, டீக்கடைகளில் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ மாட்டுவது நெருப்பை வலிய அழைப்பதாகும். 16 ஆம்பியர் சாக்கெட்டும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அவசியம்.

கடைக்கார அன்பர்களே, விலை பேசுமுன் ஓர் எலக்ட்ரீஷியனை உடன் அழைத்துச் செல்லுங்கள். யந்திரத்தைச் சூடேற்றிக் காட்ட விற்பவர் மறுத்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.