பழம்பட்டு

காஞ்சிபுரத்துப் பட்டுப்புடவை பழையதானால், அதனை எரித்து, அசல் சரிகையிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பது வழக்கம். குப்பையில் எறியாமல் பயன்கொண்டோம் என நாம் மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சி முற்றும் பொருந்துவதன்று.

வெள்ளி உருகுவதற்கு ஏறத்தாழ 962 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். உருக்கிய வெள்ளியைக் கம்பியாக இழுத்து, தட்டையாக்கி, பட்டிழையின்மேல் சுற்றிப் பொன்முலாம் பூசினால்தான் அது மீண்டும் சரிகையாகும். இவற்றுக்கெல்லாம் நெருப்பும் மின்னாற்றலும் செலவாகின்றன. வெள்ளியாவது மீள்கிறது, பட்டின் கதி யாது? கூடுகளை வெந்நீரிலிட்டு இழை பிரித்து, முறுக்கேற்றி, கொதிக்கும் சாயத்தில் தோய்த்தெடுத்த நூல் அது. அதற்கென எரித்த விறகும், நெசவாளர் பல நாள் தறியில் அமர்ந்து உழைத்த உழைப்பும் நொடியில் புகையாகின்றன.

மாணவர்களே, புடவையின் உடல் நைந்தபோதும் கரை பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். அதனைப் பிரித்துப் புதுத்துணியில் தைக்கலாம். நையாத பகுதியைத் தங்கைக்குப் பாவாடையாக்கலாம். இதற்கு ஊசியும் நூலும் போதும், உலை வேண்டா. அம்மனுக்குச் சாத்திய புடவையைக் கோயிலில் விரும்பி வாங்கி உடுத்தும் நாம், பாட்டி உடுத்திய பட்டுக்கு மட்டும் நாணுவானேன்? தைக்கவும் இயலாதவாறு அது நைந்தபின் உருக்குவோரிடம் கொடுக்கலாம்.